கடலைப் பார்த்த வீடா, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீடா?

கேள்வி: வணக்கம் சார். கோவையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் கணவர் இறால் தீவன கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஜூனுக்குள் ராமநாதபுரத்துக்கு மாற்றல், மூன்று வருடம் அங்கேதான் என்கிறார்கள். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை பண்ணை பண்ணையாகப் போய்வரும் வேலை. மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள், மகனுக்கு நாலு வயது. கைக்கு வரும் சம்பளம் 85,000. சேமிப்பு 14 லட்சம். மகள் பேரில் செல்வமகள் கணக்கில் தனியாக 2.6 லட்சம் இருக்கிறது. கடற்கரை ஊரில் சொந்த வீடு என்பது என் நெடுநாள் ஆசை. உச்சிப்புளி தாண்டி ஒரு வீடு 42 லட்சத்துக்கு வருகிறது, கடல் 150 மீட்டர்தான் என்கிறார் புரோக்கர். டவுனுக்குள் வாடகை 9,000 சொல்கிறார்கள். வாங்கலாமா? பிள்ளைகள் படிப்புக்கு எந்த ஊர் நல்லது? செல்வமகள் பணத்தை முன்பணத்துக்கு எடுக்கலாமா?

பதில்: செல்வமகள் பணத்தை எடுக்க முடியாது. மகளுக்கு 18 வயது ஆக வேண்டும், இல்லை பத்தாம் வகுப்பு தேற வேண்டும். அப்போதும் பாதிதான் கிடைக்கும், அதுவும் அவள் படிப்புச் செலவுக்கு மட்டும். 8.2 சதவீத வட்டி, அதற்கு வரியும் கிடையாது. கணக்கை ராமநாதபுரம் தபால் நிலையத்துக்கு மாற்றிக்கொண்டு தொடர்ந்து கட்டி வாருங்கள்.

இனி வீடு. ஆசையில் தப்பில்லை, ஆனால் இந்த வீட்டை வாங்காதீர்கள். கணக்கைப் பாருங்கள். 42 லட்சத்தில் 30 லட்சம் கடன் வாங்கினால் மீதி 12 லட்சம் உங்கள் கையிலிருந்து போகும். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்திரத்தில் 42 லட்சம் என்று எழுதினால் இது மட்டும் 3.78 லட்சம் ஆகிறது. கதவுக்குத் திரைச்சீலை வாங்குவதற்கு முன்பே சேமிப்பு பூஜ்யம்! 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 26,035. மூன்று வருடத்தில் 9.37 லட்சம் கட்டியிருப்பீர்கள், அசலில் குறைந்திருப்பது 1.95 லட்சம்தான். அதே மூன்று வருடத்துக்கு டவுன் வாடகை 3.24 லட்சம். அப்புறம் கம்பெனி நெல்லூருக்குப் போ என்றால் அந்த வீட்டை யாரிடம் விற்பீர்கள்?

புரோக்கர் பெருமையாகச் சொன்ன அந்த 150 மீட்டர்தான் எனக்கு உறுத்துகிறது. ஊராட்சிப் பகுதிகளில் கடலின் ஏற்றக்கோட்டிலிருந்து, அதாவது ஏற்றத்தின்போது தண்ணீர் வந்து நிற்கும் எல்லையிலிருந்து, 200 மீட்டர் வரை பொதுவாகப் புது வீடு கட்ட முடியாது. பரம்பரையாக அங்கேயே குடியிருக்கும் மீனவர்களுக்குத்தான் விலக்கு. ஏற்கெனவே கட்டிய வீடுதானே என்றால், எந்த அனுமதியில் கட்டியது என்ற கேள்வி வரும். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் வங்கி கடனே தராது. பட்டாவும் வில்லங்கச் சான்றும் சரியாக இருப்பதாலேயே கட்டட அனுமதியும் சரி என்று ஆகிவிடாது.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தங்கச்சிமடத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டி ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. ஜன்னல் கம்பியை விரலால் தட்டினேன், அப்பளம் உடைகிற மாதிரி துரு உதிர்ந்தது. ஏசியின் வெளிப்பெட்டியை அவர் இரண்டாவது தடவை மாற்றியிருந்தார். நிலத்தடி நீர் உப்பு. குழாயில் காவிரித் தண்ணீர் வராத நாளில் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்கினார். இதெல்லாம் விற்பவர் காட்டும் விலைப்பட்டியலில் இருக்காது.

சரி, எங்கே குடியிருப்பது? ராமேசுவரம் தீவை முதலிலேயே விட்டுவிடுங்கள். உங்கள் கணவர் அலைகிற கரை அதுவல்ல. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்ற 2022 டிசம்பரிலிருந்து, புதுப் பாலம் திறந்த 2025 ஏப்ரல் வரை தீவுக்கு ரயிலே போகவில்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசை நெரிசலை நீங்களே கேள்விப்பட்டிருப்பீர்கள். மண்டபம் அழகான ஊர், ஆனால் தொண்டிக்குப் போக ராமநாதபுரம் வந்துதான் திரும்ப வேண்டும். கீழக்கரை நல்ல மாற்று. பள்ளிகள் உண்டு, பெண்கள் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் உண்டு, கடல் கைக்கெட்டும் தூரம். கணவரின் பண்ணைகளில் பெரும்பகுதி தெற்கே ஏர்வாடி, சாயல்குடிப் பக்கம் என்றால் அங்கேயே இருங்கள்.

இரண்டு பக்கமும் சமம் என்றால் ராமநாதபுரம் டவுன்தான். பாரதி நகர், பட்டணம்காத்தான் பக்கம் வாடகைக்குப் பாருங்கள். தேவிபட்டினம் சாலை, கீழக்கரை சாலை இரண்டும் டவுனிலிருந்துதான் பிரிகின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. நாலு வயதுப் பையனுக்கு நடுராத்திரி காய்ச்சல் வந்தால் உதவும். கடலைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை அரியமான் போய்வரலாம், பெட்ரோல் செலவு மட்டும்தான்.

மகள் ஆறாம் வகுப்பில் சேரும் வருடம் இது. பல பெற்றோர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2020-இல் மருத்துவத்துக்கு வந்தது, அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டத்துக்கும் விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அதே வகுப்புகளை அரசுப் பள்ளியில் முடித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். உதவிபெறும் பள்ளி, மெட்ரிக், கேந்திரிய வித்யாலயா எதிலும் படித்தால் அந்த 7.5 கிடையாது. இதற்காகவே அரசுப் பள்ளியில் சேருங்கள் என்று சொல்ல மாட்டேன். வகுப்பறைக்குள் போய்ப் பாருங்கள், ஆசிரியர் இடங்கள் காலியா என்று கேளுங்கள், பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பாருங்கள். பிடித்திருந்தால், ஏழு வருட மெட்ரிக் கட்டணம் மொத்தமும் உங்கள் கையில் நிற்கும். பிடிக்கவில்லையா, பக்கத்து மெட்ரிக்கில் சேருங்கள், ஒரு குற்ற உணர்வும் வேண்டாம். கேந்திரிய வித்யாலயாவை நம்பித் திட்டம் போட வேண்டாம். மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை, தனியார் கம்பெனி ஊழியர் வரிசையின் கடைசியில்தான் நிற்பார்.

பையனை வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் சேருங்கள். 20 கிலோமீட்டர் வேனில் எல்கேஜி குழந்தை தூங்கிக்கொண்டே போகும், தூங்கிக்கொண்டே வரும்.

14 லட்சத்தில் 4 லட்சத்தை அவசரத்துக்கு வங்கி வைப்புநிதியில் போடுங்கள். வீட்டு அட்வான்ஸ், பள்ளிச் சேர்க்கை, சாமான் ஏற்றும் லாரி எல்லாவற்றுக்கும் இன்னொரு 2 லட்சம். மீதி 8 லட்சத்தை மூன்று வருடத்துக்கு வங்கி, தபால் நிலைய வைப்புகளில் பிரித்துப் போடுங்கள். மூன்றே வருடத்தில் தேவைப்படலாம் என்கிற பணத்தைப் பங்குச்சந்தைக்கு அனுப்ப வேண்டாம். கணவர் பழைய வரி முறையில் இருந்தால் வாடகை ரசீது வாங்கி வையுங்கள். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் வீட்டுக்காரரின் பான் எண்ணும் கேட்பார்கள், ஒப்பந்தம் போடும்போதே வாங்கிவிடுங்கள்.

மே மாதம் வீடு பார்க்கப் போகும்போது கணவரை மட்டும் அனுப்பாமல் நீங்களும் போங்கள். சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் எத்தனை நாளுக்கு ஒருமுறை காவிரித் தண்ணீர் வருகிறது, குடம் என்ன விலை என்று கேளுங்கள். அட்வான்ஸ் பேசுவது அதற்கப்புறம்.