“விளங்கிச்சுதா?” என்று கேட்காதீர்கள்

கேள்வி: கிளிநொச்சியில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கப் பொருளாளர்மாருக்குச் சூம் வழியாகக் காசேடு எழுதப் பழக்குகிறேன். எல்லாரும் 30 வயதுக்கு மேல். வகுப்பு இரண்டு மணித்தியாலம். பத்து நிமிடத்தில் கமெராக்கள் மூடிவிடுகின்றன, கேள்வி கேட்டாலும் பதில் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: கமெராவை விடுங்கள். டேட்டா மிச்சம், அடுப்படியை ஊருக்குக் காட்டவும் தேவையில்லை. மூடி வைப்பதில் நியாயம் இருக்கிறது. பதில் வராததுதான் யோசிக்க வேண்டியது.

‘காசேடு என்றால் என்ன’ என்று தொடங்குகிறீர்கள் போலிருக்கிறது. வருடக்கணக்காகச் சங்கக் காசை வைத்துப் பார்த்தவர்களுக்கு அது சலிப்பு. வளர்ந்தவர்கள் அனுபவத்தோடு வருகிறார்கள், கையில் இருக்கும் சிக்கலுக்கு உதவுவதையே தேடுகிறார்கள் என்று வளர்ந்தோர் கல்வி அறிஞர் மல்கம் நோல்ஸ் 1970களிலேயே வலியுறுத்தினார். ஆகவே சிக்கலிலிருந்து தொடங்குங்கள்.

வகுப்புக்கு முந்திய நாளே வாட்ஸ்அப்பில் கையால் எழுதிய ஒரு காசேட்டுப் பக்கத்தையும் ஆறு பற்றுச்சீட்டுகளையும் படமெடுத்து அனுப்புங்கள். ஏட்டில் கையிருப்பு 12,400 ரூபாய், பெட்டியில் 11,900. மீதி 500 எங்கே? இரண்டு இரண்டு பேராகப் போனில் கதைத்துவிட்டு வகுப்புக்கு வரட்டும். (ஆட்களைச் சிறு குழுக்களாகப் பிரிக்கும் சூமின் சிற்றறைகளுக்குள் அனுப்பினால், சிக்னல் குறைந்த இடத்தில் போன ஆள் திரும்பி வராது.) தேநீர்ச் செலவை எழுத மறந்திருப்பார் என்பார் ஒருவர். இல்லை, சந்தாவை இரண்டு தரம் பதிந்திருக்கிறார் என்பார் மற்றவர். அந்தத் தர்க்கம் சூடாகட்டும், இடையில் புகாதீர்கள். விதியை அதற்குப் பிறகு சொன்னால் அது அவர்கள் தேடிய பதிலாக இருக்கும்.

“விளங்கிச்சுதா?” என்று கேட்டால் எல்லாரும் “ஓம்” என்பார்கள். “இந்தச் சீட்டை எந்தப் பக்கம் பதிவீர்கள்?” என்று கேளுங்கள்.

நேரத்தை 40 நிமிடமாக்குங்கள். விளக்கக் காணொளி தேவையென்றால் 6 நிமிடத்துக்குள். எடெக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் 69 இலட்சம் பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், காணொளி எவ்வளவு நீண்டாலும் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. அங்கே பார்த்தவர்கள் பெரும்பாலும் விரும்பிச் சேர்ந்தவர்கள் என்பதையும் நினையுங்கள்.

அடுத்த வாரம் பழைய பாடத்தைத் திரும்பச் சொல்லாதீர்கள், ஏட்டைப் பார்க்காமல் மூன்று பதிவுகளை எழுதச் சொல்லுங்கள். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் சோதித்தபோது, ஐந்து நிமிடத்தின் பின் வைத்த பரீட்சையில் திரும்ப வாசித்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரத்தின் பின், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே கூட நினைவு வைத்திருந்தார்கள்.

காலபோக அறுவடை நாட்களில் வகுப்பு வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம் வங்கி இணக்கக் கூற்று, அதாவது ஏட்டின் மீதியையும் வங்கியின் மீதியையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை விளக்குவது. அதற்கு அவரவர் சங்கத்தின் வங்கிப் புத்தகமே நல்ல பாடம். ஆனால் திரையில் காட்டச் சொல்லாதீர்கள். தன் கணக்கில் பிழை இருக்குமோ என்று பயப்படுகிறவர் சபையில் வாய் திறக்கமாட்டார். உங்களுக்கு மட்டும் தனியே அனுப்பட்டும்.