தேக்குத் தோப்பில் நெருக்கத்தைக் குறைக்கத் தயங்க வேண்டாம்

வணக்கம். ஒரு ஏக்கரில் இரண்டு மீட்டர் இடைவெளியில் தேக்கு நட்டு 6 ஆண்டுகள் ஆகியும் மரங்கள் உயர்ந்தனவே தவிரப் பருக்கவில்லை என்றும், பாதியை வெட்ட மனம் வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். வளர்த்த கையால் வெட்டுவது எளிதன்று; ஆனாலும் வெட்டியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 1,000 மரங்கள் நிற்கும். தேக்கு நிழலைத் தாங்காத மரம் என்பதால், உச்சிகள் ஒன்றையொன்று தொட்டபின் வெளிச்சம் தேடி மேலே ஓடுமே ஒழிய, அடிமரம் பருக்காது. நண்பகலில் தோப்புக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். வானம் தெரியாமல், கீழ்க்கிளைகள் காய்ந்து தொங்கினால், இனியும் தள்ளிப்போடக் கூடாது.

ஆனால் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடாதீர்கள். வளைந்தவை, கவட்டையாகப் பிரிந்தவை, அண்டை மரத்தின் நிழலில் ஒடுங்கியவை ஆகியவற்றுக்கு முதலில் சுண்ணாம்பால் குறியிட்டு, மீதமுள்ளவை சீராகப் பரவி நிற்கின்றனவா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்த பிறகே கோடரியை எடுங்கள். வெட்டிய அடிக்கட்டை வேகமாகத் துளிர்க்கும், அத்துளிர்களை ஒடித்துவிடுங்கள். புது வெளிச்சம் பட்டு, நிற்கும் மரங்களின் தண்டில் முளைக்கும் சிம்புகளையும் இளசாகவே கிள்ளிவிட்டால்தான், நல்ல விலை பெறக்கூடிய கணுவற்ற தடி கிடைக்கும். வெட்ட அனுமதி தேவையா என்பதை மட்டும் உங்கள் பகுதி வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.