நல்ல மழை பெஞ்ச வருசத்துல பெரிய மரம் ஏன் காயுது?

அட்டப்பாடி சோலையூர் பக்கத்துல இருந்து ஒரு விவசாயி கேட்டிருக்காரு. தோட்டத்து மேல் வரப்புல, காட்டை ஒட்டி பழைய வேங்கை மரம் ஒண்ணும் கொஞ்சம் தேக்கும் நிக்குதாம். ரெண்டு மூணு வருசமா மழை சரியில்ல, இந்த வருசம் நல்லா கொட்டிருச்சு, ஆனா இப்பதான் வேங்கையோட உச்சிக்கொப்பு காயுது, தேக்கும் மொட்டையா நிக்குது, டேங்கர் விட்டு தண்ணி ஊத்தலாமா இல்ல வெட்டிடலாமான்னு கேக்கறாரு.

தேக்கைப் பத்தி கவலையே வேண்டாங்க. வேர் உறிஞ்சற தண்ணியில பெரும்பகுதி எலையில இருக்கற துளை வழியா ஆவியாத்தான் போகுது, மண்ணு காய காய எலை இழுக்கற இழுப்புக்கு கீழ இருந்து தண்ணி வராது, அப்ப தண்ணி ஏறற குழாய்க்குள்ள காத்துக்குமிழி புகுந்து அடைச்சிரும். அதுக்கு முன்னாடியே தேக்கு எலைய உதிர்த்துட்டு தப்பிச்சுக்குது, அவ்ளோதான்.

வேங்கை விசயம் வேற. ஆழமா வேர் போன மரத்துக்கு வறட்சி ஒண்ணும் பண்ணாதுன்னு நாம எல்லாரும் நம்பறோம், ஆனா நம்ம முதுமலை காட்டுல நடந்த ஆராய்ச்சி அப்படி சொல்லல. அங்க 50 ஹெக்டேர்ல ஒவ்வொரு மரத்தையும் 1988-ல இருந்து அளந்துட்டு வர்றாங்க. அதுல 20 வருச கணக்கை மண்ணுக்கடியில எந்த ஆழத்துல எப்ப தண்ணி இருந்துச்சுங்கற கணக்கோட வெச்சு 12 வகை மரங்களைப் பாத்தப்ப, வருசக்கணக்கா நீண்ட வறட்சியில ஆழத்து தண்ணிய நம்பியிருந்த வகைங்கதான் அதிகமா செத்திருக்கு. ஏன்னா மேல் மண்ணு ஒரு நல்ல மழையில நனைஞ்சிரும், அடியில பாறை இடுக்குல இருக்கற தண்ணி ஒருதடவ தீந்துட்டா திரும்ப சேர வருசக்கணக்காகும். உங்க போர்வெல்லும் அப்படித்தானே, மழை பெஞ்ச மறுவாரமே ஏறிருதா என்ன? அதனால வேங்கை இப்ப காட்டறது போன வருசங்களோட பட்டினியா இருக்கலாம், இந்த வருச மழைய வெச்சு மட்டும் அதை எடை போடக்கூடாது.

இன்னொண்ணு, மழை பெய்யற விதமே மாறிட்டு வருது, பத்து பதினஞ்சு நாள்ல வர வேண்டியது ரெண்டே நாள்ல கொட்டிட்டு போயிருது. உங்க கிழக்கு அட்டப்பாடி ஏற்கனவே மழைமறைவு, மேற்கால இருக்கற முக்காலி ஊர்ப் பக்கம் பெய்யறதுல கொஞ்சந்தான் அங்க வரும், அதுவும் வெறும் மண்ணுல விழுந்தா பவானிக்குத்தான் ஓடும். அடுத்த பெருமழை முடிஞ்ச மறுநாள் கடப்பாரைய எடுத்து மரத்துக்கிட்ட ஒரு குழி பறிச்சு பாருங்க, மேல சேறா இருந்துட்டு ஒரு சாண் கீழ பொடியா வந்துச்சுன்னா தண்ணி உள்ள போகலன்னு அர்த்தம்.

டேங்கர் தண்ணி வேண்டாங்க, அவ்ளோ பெரிய மரத்துக்கு அது எந்த மூலைக்கு, அதுவும் தூர்ல ஊத்தினா உறிஞ்சற வேருக்கு போய்ச் சேராது. அந்த காசுக்கு மரநிழல் விழற வட்டத்துக்கு வெளிய, மேட்டுப்பக்கமா ஒரு பிறை வரப்பு போட்டு ஓடற தண்ணிய நிறுத்துங்க. சரிவு ரொம்ப செங்குத்தா இருந்தா தோண்டாதீங்க, மண்ணு சரியும். விழற சருகை கூட்டி எரிக்காம அப்படியே விடுங்க, நிழல் வட்டத்துக்குள்ள டிராக்டர் ஏர் ஓட்டவே கூடாது, வேர் அறுந்துரும். வரப்போரமா புதுசா நட்ட நாத்து இருந்தா இருக்கற தண்ணிய அதுக்கு ஊத்துங்க, அதுங்க வேரு மேலயே நிக்கறதால மழைக்காலத்துல நடுவுல விழற வெயில் இடைவெளியிலயே செத்துப்போகும்.

வெட்டற முடிவை இப்ப எடுக்காதீங்க. காஞ்ச கொப்புக்கு கொஞ்சம் கீழ, ஒரு சின்ன கிளையில நகத்தால பட்டைய சுரண்டுங்க, அடியில பச்சையா ஈரமா இருந்தா அது வரைக்கும் உசிரு இருக்கு. பழுப்பா காஞ்சு, வளைச்சா படக்குன்னு ஒடைஞ்சா அந்த கிளை போச்சு, இன்னும் கீழ இறங்கி அதே மாதிரி பாருங்க. எந்த எடத்துல பச்சை ஆரம்பிக்குதுன்னு ஒரு பெயிண்ட் கோடு போட்டு வைங்க, அடுத்த ஆடியில மறுபடி சுரண்டி பாத்தா மரம் தேறுதா இறங்குதான்னு தெரிஞ்சிரும். பாதை மேல தொங்கற காஞ்ச கொப்பை மட்டும் ஆள் வெச்சு இறக்கிருங்க, முழு மரத்தையும் எடுக்கறதா இருந்தா வனத்துறை ஆபீஸ்ல கேக்காம கை வைக்காதீங்க.