அம்மாவுக்கு வந்த மறதி நோய் எனக்கும் வருமா?

கேள்வி: எனக்கு வயது 53. அம்மாவுக்கு 76. போன வருடம் அல்சைமர் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காவடித் திருவிழா முடிந்ததும் வாழை இலையில் ஏழு கறியும் தானே சமைத்துப் பரிமாறியவர், இப்போது ஒரே பருப்பில் மூன்று தடவை உப்புப் போடுகிறார். பாட்டிக்கும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் இருந்தது. எனக்கும் வருமா? அலுமினிய டெக்சியில் சமைத்ததால்தான் வந்தது என்கிறார் அண்ணன். வல்லாரை மாத்திரை சாப்பிட்டால் தடுக்கலாமா? எனக்கு பத்து வருடமாக சர்க்கரை, பிரஷர் உண்டு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறேன், தவறாமல் என்று சொல்ல முடியாது.
- ஒரு வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் என் கண் நின்றது. பாட்டி, டெக்சி, வல்லாரை என்று எல்லாவற்றையும் கவலையோடு எழுதிவிட்டு, சர்க்கரையையும் பிரஷரையும் போகிறபோக்கில் சொல்லி முடித்துவிட்டீர்கள். உங்கள் கையில் இருப்பது அதுதான்.

முதலில் பரம்பரை. அல்சைமரில் அமிலாய்டு, டௌ என்ற இரண்டு புரதங்கள் மூளையில் தாறுமாறாகப் படிகின்றன. மறதி தெரிவதற்கு 15, 20 வருடங்களுக்கு முன்பே இது தொடங்கிவிடுகிறது. ஒரே ஒரு மரபணுக் கோளாறால் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நேராக இறங்கும் வகை மிக அபூர்வம். நோயாளிகளில் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே வந்துவிடும். உங்கள் அம்மாவுக்கு எழுபதைத் தாண்டி வந்திருப்பதால் அந்த வகையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அம்மாவுக்கு இருப்பதால் உங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், உண்மைதான். ஆனால் வந்தே தீரும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டும் ஏபிஓஇ-4 என்ற மரபணு வகை உள்ள பலருக்குக் கடைசிவரை நோய் வருவதில்லை. அது இல்லாத பலருக்கு வருகிறது. அதனால் மரபணுப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன்.

அண்ணன் சொல்வதும் சும்மா கிளம்பிய பேச்சு இல்லை. 1965இல் முயல்களின் மூளையில் அலுமினிய உப்பைச் செலுத்திப் பார்த்த ஆய்விலிருந்துதான் அந்தச் சந்தேகம் பரவியது. அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வுகள் வந்தும், சமையல் பாத்திரத்தால் அல்சைமர் வருகிறது என்று நிரூபணம் ஆகவில்லை. அம்மா ஆயுள் முழுக்கச் சமைத்துப் போட்ட பாத்திரத்தின்மேல் பழியைப் போட வேண்டாம். அவருக்கும் அது மனதை வருத்தும்.

இனி உங்கள் விஷயம். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மறதி நோய்க்கு மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவை எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் கிட்டத்தட்ட 45 சதவீதம் பேருக்கு நோயைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்பது அவர்கள் கணக்கு. சர்க்கரை, நடுவயது பிரஷர், கெட்ட கொழுப்பு, உடற்பயிற்சி இல்லாமை, காது மந்தம், தனிமை எல்லாம் அதில் வருகின்றன. பிரஷரின் மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், மறதியின் ஆரம்ப நிலைக்குப் போனவர்கள் சுமார் 19 சதவீதம் குறைவு என்று 2019இல் தெரியவந்தது. உங்களுக்கு எந்த அளவு சரி என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடும் மாத்திரையால் எந்த அளவும் நிற்காது.

நம் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். எல்லா வீட்டிலும் இருப்பதால் அது ஒரு நோயாகவே தெரிவதில்லை. வனிலா தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை, கூடவே ரொட்டி, சாயங்காலம் மறுபடி ஒரு தேநீர். இதை மாற்ற முடியாது என்று சொல்லாதீர்கள். 1987க்குப் பிறகு அரசு இங்கே ரேஷன் எண்ணெயில் பாமாயிலை எடுத்துவிட்டு சோயா எண்ணெயைக் கொண்டுவந்தது. ஐந்தே வருடத்தில் மக்களின் ரத்தத்தில் சராசரிக் கொழுப்பு லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியது. ஊரே மாறியிருக்கிறது, ஒரு வீட்டால் முடியாதா? வாரத்தில் சில நாட்கள் தோழியோடு கோர் த கார்ட் மலைக் கோயில் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். நடையும் ஆச்சு, பேச்சுத்துணையும் ஆச்சு.

பிள்ளைகள் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார்களா? அப்படியானால் காதையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். காது கேட்காதவர் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்து ஒதுங்கிவிடுகிறார், மூளைக்கும் வேலை குறைகிறது.

வல்லாரையைத் துவையல் அரைத்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள். மாத்திரையாக விழுங்கினால் அல்சைமரைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இதேபோல் ஞாபகசக்திக்குப் புகழ்பெற்ற, ஜிங்கோ மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் மாத்திரையை அமெரிக்காவில் 3,000க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் வருடக்கணக்கில் சோதித்தார்கள். 2008இல் வந்த முடிவு: பயன் இல்லை.

அப்புறம், மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு உடம்பில் பி12 வைட்டமின் குறையலாம். அது குறைந்தால் மறதி, தடுமாற்றம், கால் மரத்துப்போவது எல்லாம் வரும், கண்டுபிடித்தால் சரிசெய்துவிடலாம். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது உங்களுக்கு பி12 பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு பி12, தைராய்டு இரண்டும் பார்த்திருக்கிறார்களா என்றும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.