இலவசக் கச்சேரி நடத்த ஆசை: அனுமதி, ஒலி, பணம் எல்லாம் எப்படி?

கேள்வி: கோவையில் நாங்கள் ஐந்து நண்பர்கள். சொந்தமாகப் பாட்டெழுதி மெட்டுப் போட்டுப் பாடுகிறோம். நடுவில் நான்கைந்து சினிமாப் பாட்டும் உண்டு. சாய்பாபா காலனியில் தெரிந்தவர் ஒருவர் தன் கஃபேயில் மாதம் ஒரு ஞாயிறு மாலை இடம் தருகிறேன் என்கிறார். அறுபது பேர் உட்காரலாம். எங்களைப் போன்ற மற்றக் குழுக்களையும் கூப்பிட்டு டிக்கெட் இல்லாமல் நடத்த ஆசை. போலீஸ் அனுமதி வேண்டுமா? சினிமாப் பாட்டுக்குக் காப்புரிமைத் தொல்லை வருமா? செலவுக்கு என்ன வழி?

பதில்: தாராளமாக நடத்துங்கள். டிக்கெட் வேண்டாம் என்று முடிவெடுத்ததும் சரிதான். பேர் தெரியாத குழுவின் பாட்டைக் காசு கொடுத்துக் கேட்க யாருக்கும் தயக்கம் இருக்கும். கதவு திறந்திருந்தால் டீ குடிக்க வந்தவர்கூட நின்று கேட்பார். நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. திருவையாறு ஆராதனையில் பெரிய வித்வான்களும் காசு வாங்காமல்தான் பாடுகிறார்கள். மார்கழியில் சென்னை சபாக்கள் பலவற்றில் காலை, மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு முதல்முறை மேடையேறியபோதும் நுழைவு இலவசம்தான். கானா, பறை, ராப் எல்லாம் ஒரே மேடையில் ஒலித்தன. பிரான்சில் 1982-ல் தொடங்கிய ஜூன் 21 இசை விழாவுக்கும் அடிப்படை விதியே இலவசம் என்பதுதான். பக்கத்தில் புதுச்சேரியிலும் அதைக் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் ஒன்றை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். இலவசம் என்பது கேட்க வருகிறவருக்கு மட்டும்தான். மதியக் கச்சேரிக்கு வந்து, பக்கவாத்தியக்காரருக்குத் தன் கையிலிருந்து பணம் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்து வீடு திரும்பும் இளம் பாடகர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ‘பேர் கிடைக்கும், வாய்ப்புக் கிடைக்கும்’ என்று சொல்லி அந்தப் பழக்கத்தை நீங்களும் தொடரக் கூடாது. உங்கள் பாட்டைக் காசில்லாமல் கொடுப்பது உங்கள் விருப்பம். நீங்கள் கூப்பிடும் குழுவையும் மைக் செட்காரரையும் அதே நிலையில் நிறுத்த உங்களுக்கு உரிமை இல்லை.

அதனால் பணத்திலிருந்தே தொடங்குகிறேன். கஃபே உரிமையாளரிடம் இடம் மட்டும் கேட்டால் போதாது. மாதத்தில் ஒரு மாலை அவர் கடை நிரம்பப் போகிறது. ஒலி அமைப்பின் வாடகையை ஏற்றுக்கொள்வாரா, அன்றைய விற்பனையில் இத்தனை சதவீதம் என்று தருவாரா, எதுவானாலும் தேதி குறிப்பதற்கு முன்பே பேசி, ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாட வருகிறவர்களுக்குச் சாப்பாடும், கீபோர்டு, டிரம்ஸ் தூக்கி வரும் வண்டிச் செலவும் கட்டாயம். ‘குறைந்தது இத்தனை ரூபாய்க்குச் சாப்பிட வேண்டும்’ என்ற விதிக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது வேறு பெயரில் வரும் டிக்கெட்.

மீதியைக் கூட்டத்திடம் கேட்கலாம், கூச்சம் வேண்டாம். யுபிஐ கியூஆர் அட்டையைப் பெரிதாக அச்சடித்து மேடைக்குப் பக்கத்திலும் வாசலிலும் வையுங்கள். சில்லறை போட ஒரு உண்டியலும் இருக்கட்டும். எப்போது சொல்கிறீர்கள் என்பது முக்கியம். கடைசிப் பாட்டு முடிந்தபின் சொன்னால் எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். கடைசிப் பாட்டுக்கு முந்தைய இடைவெளியில் சொல்லுங்கள்: ‘விருப்பம் இருந்தால் கொடுங்கள், இது இன்று பாடியவர்களுக்கும் ஒலி அமைத்தவருக்கும் போகிறது.’ வந்த பணத்தை அன்றிரவே, எல்லாக் குழுக்களும் இருக்கும்போது எண்ணி, முதலில் ஒலி அமைத்தவருக்குப் பேசிய தொகையைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைச் சமமாகப் பிரியுங்கள். அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்த கணக்கில் உடைந்த நட்புகள் நிறைய.

இனி போலீஸ். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையத்தில் தேதி, நேரம், இடம், பொறுப்பாளர் பெயர், கைப்பேசி எண் எழுதி மனுக் கொடுங்கள். முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள்; அனுமதிக் கடிதம் கிடைத்ததும் அதையும் சேர்த்து அன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரம் வரை காத்திருக்காமல் இரண்டு மூன்று வாரம் முன்பே போவது நல்லது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. குடியிருப்புப் பகுதியில் பகல் நேர வரம்பு 55 டெசிபல், வணிகப் பகுதியில் 65. தனியார் இடத்தில் வைக்கும் ஒலிபெருக்கியின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் இந்த வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். உங்கள் கஃபே அப்படி ஒன்றின் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கைப்பேசிச் செயலியில் சத்தத்தைத் தோராயமாக அளக்கலாம். வாத்தியங்களைச் சோதிக்கும் நேரத்தில் ஒருவர் காம்பவுண்டுச் சுவரோரம் போய் நின்று அளந்து பார்க்கட்டும்.

சட்டத்தைவிடப் பக்கத்து வீட்டுக்காரர்தான் உங்களுக்கு முக்கியம். முதல் கச்சேரிக்கு முன் சுற்றியுள்ள வீடுகளுக்கு நேரில் போங்கள். ‘ஞாயிறு ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடித்துவிடுவோம், சத்தம் தொந்தரவாக இருந்தால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள், நீங்களும் வாங்க’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கும் வீடு எது என்றும் அப்போதே தெரிந்துவிடும். ஸ்பீக்கரை அந்தப் பக்கம் திருப்பாமல் வைக்கலாம்.

காப்புரிமைக்கு வருவோம். உங்கள் சொந்தப் பாட்டுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. எழுதியவரும் மெட்டமைத்தவரும் யார் என்பதை மட்டும் குழுவுக்குள் எழுதி வையுங்கள். படைத்தவர் மறைந்து 60 ஆண்டு முடிந்த படைப்புகளும் பொதுவுடைமை. தியாகராஜர் கீர்த்தனைக்கும் பாரதி பாட்டுக்கும் தடை இல்லை. பாபநாசம் சிவன் 1973-ல் காலமானவர், அவர் பாடல்களின் உரிமை 2033 கடைசி வரை உண்டு. பாரதி வரிகளானாலும், வேறொருவர் பிற்காலத்தில் போட்ட மெட்டில் பாடினால் அந்த மெட்டுக்குத் தனி உரிமை இருக்கும்.

சினிமாப் பாட்டில்தான் கவனம் வேண்டும். 1957-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52(1)(எல்) பிரிவு ஒரு விலக்குத் தருகிறது: தொழில்முறை சாராத ஒரு குழுவோ சங்கமோ, காசு கொடுக்காத கூட்டத்தின் முன் பாடினால் அது உரிமை மீறல் ஆகாது. இதை மட்டும் நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கஃபேயில் வியாபாரம் நடக்கிறது, உண்டியலும் வைக்கிறீர்கள், பாடுகிறவருக்குப் பணம் போகிறது. இந்த நிலையில் விலக்குப் பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சினிமாப் பாட்டு வேண்டும் என்றால் பாடலாசிரியர், இசையமைப்பாளர்களின் உரிமைக் கட்டணத்தை வசூலிக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பிடம் முன்கூட்டியே உரிமம் வாங்குங்கள். கஃபே ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதில் நேரடி நிகழ்ச்சியும் அடங்குமா என்று கேளுங்கள். பாட்டு எழுதுகிறவர்கள் நீங்கள், இன்னொரு பாட்டெழுதியவருக்குச் சேர வேண்டியதைக் கொடுப்பதில் குறை ஒன்றும் இல்லை. என்னைக் கேட்டால் அந்த நான்கைந்து பாட்டையும் விட்டுவிட்டு முழுக்கச் சொந்தப் பாட்டு என்றே அறிவிப்பேன். இன்னொரு லைட் மியூசிக் மேடைக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. புதுப் பாட்டுக்குத்தான் இடம் இல்லை.

ஒலிக்கு வருவோம், அறுபது பேருக்குப் பெரிய செட் தேவையே இல்லை. உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உள்ள ஸ்பீக்கர் இரண்டு, பன்னிரண்டு சேனல் மிக்சர், பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்க அவரைப் பார்த்து வைக்கும் ஒரு மானிட்டர் ஸ்பீக்கர், ஷ்யூர் எஸ்எம்58 போன்ற மைக் நான்கு, கிட்டாரையும் கீபோர்டையும் மிக்சரில் இணைக்க டிஐ பாக்ஸ், அவ்வளவுதான். ஸ்பீக்கர் எப்போதும் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்கட்டும். மைக்குக்குப் பின்னால் வைத்துவிட்டு வீல் என்று கத்துகிறதே என்று மிக்சரைத் திருகிக்கொண்டிருந்தால் பயன் இல்லை. டைல்ஸ் தரையும் கண்ணாடிச் சுவரும் உள்ள அறையில் முழு டிரம்ஸ் வேண்டாம். கஹோன் (மேலே உட்கார்ந்து தட்டும் மரப்பெட்டி), கஞ்சிரா, மிஞ்சினால் தபலா போதும். டிரம்ஸை அடக்க முடியாது; அதற்கு ஈடுகொடுக்கக் குரலை ஏற்றுவீர்கள், அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் காது வலிக்கும்.

மின்சாரத்தில் விளையாடாதீர்கள். கிட்டார் கம்பியில் கையும் மைக்கில் உதடும் படும்போது ஷாக் அடிப்பது எர்த் சரியில்லாததால்தான். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்து இரண்டு பின் ஆக்கிய வயர் ஒன்றுகூட மேடையில் இருக்கக் கூடாது. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இணைப்பிலிருந்து, எர்த் உள்ள ஜங்ஷன் பாக்ஸ் வழியாக மின்சாரம் எடுங்கள். முந்தின நாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்துவிடுங்கள்.

ஒரு மாலைக்கு மூன்று குழு, ஆளுக்கு அரை மணி, நடுவே பத்து நிமிடம் போதும். தொடங்கும் முன் ஒலியைச் சோதிக்கும்போது, கடைசியாகப் பாடுகிறவரை முதலில் சோதித்து, முதலில் பாடுகிறவரைக் கடைசியாகச் சோதியுங்கள். அவர் வயர்களைக் கழற்றாமல் அப்படியே தொடங்கிவிடலாம். அதிக நண்பர்களைக் கூட்டி வரும் குழுவை நடுவில் போடுங்கள். முதலில் போட்டால் அவர்கள் பாடி முடித்ததும் அறை காலியாகும். கடைசியில் போட்டால் கூட்டமே ஏழே முக்காலுக்குத்தான் வரும். ஆறரை என்று போட்டால் நான்கு பேர் இருந்தாலும் ஆறரைக்கே தொடங்குங்கள். முதல் மூன்று மாதத் தேதிகளையும் ஒரே அறிவிப்பில் போட்டுவிட்டால், இந்த மாதம் வர முடியாதவர் அடுத்ததைக் குறித்து வைப்பார். ஒன்பதுக்கு முடித்தால் பஸ் கிடைக்கும், தனியாக வரும் பெண்களும் முழுவதும் இருந்து கேட்பார்கள். சுத்தமான கழிப்பறை, வாசலில் நல்ல வெளிச்சம், படி இருந்தால் சக்கர நாற்காலிக்கு ஒரு சாய்வுப் பலகை, இவற்றை எல்லாம் கஃபே உரிமையாளரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

கேட்க வருகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும், உங்கள் அறிவிப்பிலேயே சேர்த்துக்கொள்ளலாம். நண்பன் பாடி முடித்ததும் கிளம்பாதீர்கள், அடுத்த குழுவையும் கேளுங்கள். பேச வேண்டும் என்றால் பின்வரிசைக்குப் போங்கள். முழுக் கச்சேரியையும் கைப்பேசியில் பிடிக்க வேண்டாம். அரை நிமிடம் எடுத்து, குழுவின் பெயரோடு பகிர்ந்தால் அது உண்மையிலேயே உதவி. எந்தப் பாட்டு பிடித்தது என்று பாடியவரிடம் நேரில் சொல்லுங்கள். புதுப் பாட்டு எழுதுகிறவருக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு என்பது கேட்கிறவருக்குத் தெரியாது. குழந்தைகளை ஸ்பீக்கருக்கு முன் உட்கார வைக்காதீர்கள். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கும் காது, 94 ஆனால் ஒரு மணி நேரம்தான் தாங்கும். 100 போனால் கால் மணி நேரம். மருந்துக் கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் ஒரு பெட்டி வாங்கி வாசலில் வையுங்கள், கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம்.