காலை 8.30-க்கு அவர் எங்கே போகிறார்?

கேள்வி: என் கணவருக்கு வயது 41. மனச்சோர்வு என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். 4 மாதமாக விடுப்பில் இருக்கிறார். ஆபீசில் முதுகுவலி என்று சொல்லியிருக்கிறோம். மாமனார், மாமியாருக்குத் தெரிய வேண்டாம் என்று தினமும் 8.30-க்கு வழக்கம்போல் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன். எவ்வளவு சொல்லியும் வேலைக்குத் திரும்பும் எண்ணமே அவருக்கு வரவில்லை. எப்படி மாற்றுவது?

பதில்: அவரை மாற்றுவது இருக்கட்டும் அம்மா. 8.30-க்குக் கிளம்புகிறவர் மாலை வரை எங்கே இருக்கிறார்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உங்களுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

மனச்சோர்வு உள்ள பலருக்குக் காலை நேரம்தான் மிக மோசம். இருட்டிலேயே விழிப்பு வந்துவிடும். எழுந்து பல் தேய்ப்பதே மலைப்பாக இருக்கும். அந்த நேரத்தில் உங்கள் கணவர் குளித்து, சட்டை மாட்டி, பெற்றவர்களிடம் "போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டும். சாயங்காலம் அப்பா ஏதாவது கேட்டால் அதற்கும் ஒரு கதை வேண்டும். செய்ய முடியாத வேலைக்கு விடுப்பு வாங்கிவிட்டு, வேலைக்குப் போவதாக நடிக்கும் வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள். தான் எதற்கும் லாயக்கில்லை என்று நினைக்க வைக்கிற நோய் இது. அந்த நினைப்புக்குத் தினமும் ஒரு பொய்யைத் தீனியாகப் போடுகிறீர்கள்.

எண்ணம் வரவில்லை என்கிறீர்கள். மனச்சோர்வாலும் பதற்ற நோயாலும் உலகில் ஆண்டுக்குச் சுமார் 1,200 கோடி வேலைநாட்கள் போகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அத்தனை பேரும் எண்ணம் இல்லாதவர்களா?

இன்றிரவே அவரிடம் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பலரைப் பேச வைக்கிறது. ஆமாம் என்றால் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாமல் உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இப்படிப்பட்ட ஒருவரைப் பகல் முழுக்க எங்கே என்று தெரியாமல் விட்டிருப்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பெற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்தது யார்? படித்த வரையில் இது உங்கள் ஏற்பாடு. அவரிடம் பேசிவிட்டு, அவர்களிடம் சொல்லுங்கள். வயதானவர்கள் தாங்க மாட்டார்கள் என்பது நாம் நமக்காகச் சொல்லிக்கொள்கிற காரணம். மகன் முடியாமல் கிடக்கும்போது கூட இருப்பது அவர்கள் கடமை. அந்தக் கடமையை அவர்களிடமிருந்து பறிக்க உங்களுக்கு உரிமை இல்லை.

அப்புறம், ஆபீஸ். திரும்பிப் போகும்போது அவருக்கு முதலில் அரை நாள், வாரத்தில் சில நாள், நெருக்கடி குறைந்த வேலை என்று படிப்படியான ஏற்பாடு தேவைப்படும். மனம் தெளிந்த பிறகும் கவனமும் ஞாபகமும் பழையபடி வர நாளாகும். முதுகுவலிக்காரருக்கு யார் இதையெல்லாம் தருவார்கள்? அவர் சம்மதித்தால், நம்பிக்கையான ஒரு மேலதிகாரியிடமாவது உண்மையைச் சொல்லலாம். விடுப்பு நீள நீளத் திரும்புவது கடினமாகும்.

இந்த மாத்திரைகள் பொதுவாகச் சில வாரங்களில் வேலை காட்டத் தொடங்கும். 4 மாதமாகியும் மாற்றமே இல்லை என்றால் மருந்தையும் அளவையும் டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும், மனநல நிபுணரிடம் மனம்விட்டுப் பேசும் சிகிச்சையும் சேர்க்க வேண்டியிருக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள். மாமனாரும் வந்தால் இன்னும் நல்லது.