ஒரே ஆல்பத்தை எத்தனை நாள் கேட்பது?

கேள்வி: தல்லாகுளத்தில் ஞாயிறு சாயங்காலம் நண்பர்கள் ஐந்தாறு பேர் கூடுவோம். இப்போது என்ன ஆல்பம் கேட்கிறோம் என்று ஆளுக்கு ஆள் சொல்வது வழக்கம். மற்றவர்கள் வாராவாரம் புதுசு புதுசாகச் சொல்கிறார்கள். நான் மாதக்கணக்கில் இளையராஜாவின் ‘திருவாசகம்’ ஆல்பத்தில்தான் இருக்கிறேன். “என்னப்பா, இன்னும் அதையேதான் ஓட்டிக்கிட்டிருக்கியா?” என்று சிரிக்கிறார்கள். நானும் சும்மா ஏதாவது புதுப் பெயரைச் சொல்லிவிடட்டுமா?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: வேண்டாம். கேட்காத ஆல்பத்தின் பெயரைச் சொல்லி மதிப்பு வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்? அந்தக் கூட்டத்தில் பேச விஷயம் வைத்திருப்பவர் நீங்கள்தான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், வருத்தப்படாதீர்கள். “திருவாசகம் கேட்கிறேன்” என்பதைத் தாண்டி இத்தனை வாரத்தில் அவர்களிடம் என்ன சொன்னீர்கள்? எந்தப் பாட்டு, எந்த இடம் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்று எனக்கு எழுதிய கடிதத்திலேயே ஒரு வரி இல்லையே. அவர்கள் பல பெயர்களை அடுக்குகிறார்கள், நீங்கள் ஒரே பெயரைத் திரும்பச் சொல்கிறீர்கள். இசையைப் பற்றி இரண்டு பக்கமும் யாரும் வாய் திறக்கவில்லை.

உங்கள் ஆல்பத்தையே எடுத்துக்கொள்வோம். 2005ல் வந்தது, புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. மொத்தம் ஆறு பாட்டு. முதல் பாட்டு ‘பூவார் சென்னி மன்னன்’. இப்போது திருவாசகப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 51 பகுதிகளில் முதலாவது சிவபுராணம். ‘பூவார் சென்னி’ வருவது யாத்திரைப்பத்தில், அது 45ஆவது. “போவோம் காலம் வந்ததுகாண்” என்று அடியார்களைக் கிளம்பச் சொல்லும் பதிகம். நூலின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் அந்தப் புறப்பாட்டை ராஜா ஏன் ஆல்பத்தின் வாசலிலேயே வைத்தார்? சிவபுராணம் அடுத்துத்தான் வருகிறது. அந்தப் பாட்டுக்குப் பெயரும் சிவபுராணம் தொடங்கும் ‘நமச்சிவாய வாழ்க’ அல்ல, நடுவில் மனிதன் தன்னைத் தாழ்த்திச் சொல்லும் ‘பொல்லா வினையேன்’. அதற்குள் அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகளும் வருகின்றன. பலருக்கு அது உறுத்தும். எனக்கு உறுத்தவில்லை, மாணிக்கவாசகரின் அதே தாழ்மைதான் அங்கேயும் பேசுகிறது. உங்களுக்கு எப்படி? கடைசிப் பாட்டு அச்சப்பத்திலிருந்து: “புற்றில்வாழ் அரவும் அஞ்சேன்.” கிளம்பச் சொல்லித் தொடங்கி, அஞ்சேன் என்று சொல்லும் பதிகத்தில் வந்து நிற்கிறது ஆல்பம். போனில் பாட்டுகளை முன்னும் பின்னுமாக ஓடவிடுகிறவருக்கு இது தென்படவே தென்படாது. மாதக்கணக்கில் அதிலேயே கிடக்கும் உங்களுக்குத் தென்பட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று. மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர் உங்களுக்குப் பக்கத்து ஊர். ஆவணி மூலத் திருவிழாவில் நரி பரியான கதையும் பிட்டுக்கு மண் சுமந்த கதையும் வருஷா வருஷம் நடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் மதுரைப் பக்கத்துக்காரர்கள். அந்த வாதவூரரின் சொற்களை ஐரோப்பிய வயலின்களோடு கேட்கும்போது உங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதை வெளியூர் விமர்சகர் யாரும் எழுதித் தர முடியாது. அதை நண்பர்களிடம் சொல்லுங்கள்.

புதிது தேடும் நண்பர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பல நல்ல ஆல்பங்கள் நம் காதுக்கே வராது. ஆனால் பெயரைச் சொன்னதும் விட்டுவிடாதீர்கள். “எந்தப் பாட்டோடு நிறுத்தினாய்? எதைத் திரும்பப் போட்டுக் கேட்டாய்?” என்று கேளுங்கள்.

என் யோசனை இது. ஒரு மாதம் எல்லோரும் ஒரே ஆல்பத்தை வரிசை மாறாமல் கேளுங்கள். 1986ல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ பொருத்தமாக இருக்கும். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் ராஜா செய்த காணிக்கை அது. நம் ஆட்கள் பாட்டைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் கவிஞரின் வரிக்குத் தாவிவிடுவார்கள். பாடல் வரிகளே இல்லாத இந்த ஆல்பத்தில் அப்படித் தப்பிக்க வழியில்லை, ஒலியைப் பற்றித்தான் பேசியாக வேண்டும். அதில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்று ஒன்று இருக்கிறது. பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டா என்ற இசைத் தொகுப்பின் முன்னிசையை எடுத்து, அதைச் சுற்றித் தன் இசையைப் பின்னியிருக்கிறார் ராஜா. ஒருவர் பாக்கின் மூலத்தைத் தனியாகக் கேட்டுவிட்டு வரட்டும். எது பாக் எழுதியது, ராஜா எங்கே உள்ளே நுழைகிறார் என்று அவர் மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டட்டும். அந்த வேலையை உங்களைப் பார்த்துச் சிரித்த நண்பரிடமே கொடுங்கள்.